எடை மெஷினை மட்டும் குழுவிலிருந்து வெளியே எடுங்கள்

கேள்வி: என் பெண் குழந்தைக்கு நான்கு மாதம். பிறந்தபோது 2.9 கிலோ, இப்போது 6 கிலோ. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். பிரசவத்துக்கு முன் ஒரு வகுப்பில் பழகிய ஐந்து பேர் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம். முதல் இரண்டு மாதம் அது மட்டும் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது. ராத்திரி மூன்று மணிக்கு எழுதினாலும் யாராவது ஒருத்தி விழித்திருப்பாள். ஆனால் இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்தால் எல்லோரும் தங்கள் எடையையும் குழந்தையின் எடையையும் போட வேண்டும் என்று ஆகிவிட்டது. ஒருத்தி ஒன்பது கிலோ குறைத்துவிட்டாள். அவள் மகன் 7.6 கிலோ. நான் 158 செ.மீ. உயரம். கர்ப்பத்துக்கு முன் 58 கிலோ, பிரசவ சமயத்தில் 72, இப்போது 65. ஆறு வாரமாக அதிலேயே நிற்கிறது. அதனால் இரண்டு வாரமாக இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். மார்பு முன்போல் கனப்பதில்லை, பால் குறைந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. ராத்திரி ஒரு புட்டி பவுடர் பால் கொடு என்கிறாள் ஒருத்தி. இப்போதே திட உணவு ஆரம்பி என்கிறாள் இன்னொருத்தி. ஐந்தாவது தோழி ஆரம்பத்திலிருந்தே புட்டிப்பால் கொடுப்பவள். அவள் ஒரு மாதமாக வாயே திறப்பதில்லை. நானும் பேசாமல் குழுவை விட்டுப் போய்விடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை குழந்தைக்காக, அடுத்த தடவை உங்களுக்காக. குழந்தை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம்.

உலக சுகாதார நிறுவனம் 2006ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டையின்படி நான்கு மாதப் பெண் குழந்தையின் நடு எடை 6.4 கிலோ. ஆண் குழந்தைக்கு 7 கிலோ. நடு எடை என்றால் பாதிக் குழந்தைகள் அதற்குக் கீழே இருப்பார்கள் என்றுதான் பொருள். அது தேர்ச்சி மதிப்பெண் இல்லை. உங்கள் மகள் பிறந்தபோதும் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தாள், இப்போதும் சற்றுக் கீழே இருக்கிறாள். பிறந்த எடை இரண்டு மடங்காகவும் ஆகிவிட்டது. தன் பாதையில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறாள். நாங்கள் அட்டையில் பார்ப்பது இந்தப் பாதையைத்தான். ஒரு குழந்தை எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைவிட, தன் கோட்டை விட்டு இரண்டு கோடு கீழே இறங்குகிறதா என்பதே எங்களுக்குக் கவலை. உங்கள் தோழியின் மகனுக்கு உரிய அட்டையே வேறு. இருவரையும் ஒரே வரியில் எழுதியதுதான் தப்பு, குழந்தைகளிடம் தப்பு எதுவும் இல்லை.

மார்பு கனக்காதது பற்றி. முதல் சில வாரங்களில் உடம்புக்குக் கணக்குத் தெரியாது, தேவைக்கு மேல் சுரந்து கட்டிக்கொள்ளும். அப்புறம் குழந்தை குடிக்கும் அளவுக்குச் சுரப்பு பழகிவிடும், மார்பு மெத்தென்று ஆகிவிடும். நான்கு மாதத்தில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். குழந்தையும் கெட்டிக்காரியாகி அரை மணி நேர வேலையை ஐந்தாறு நிமிஷத்தில் முடித்துவிடுவாள். நடுவில் கதவுச் சத்தம் கேட்டால் காம்பை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். இதையெல்லாம் ‘பால் போதவில்லை’ என்று வாசிக்கிற தாய்மார்கள் ஏராளம். டயப்பரைப் பாருங்கள். ஒரு நாளில் ஆறு அல்லது அதற்கு மேல் நன்றாக நனைந்தால், விழித்திருக்கும்போது சுறுசுறுப்பாக இருந்தால், எடை தன் கோட்டில் ஏறினால், பால் போதும்.

ராத்திரிப் புட்டி யோசனையில் நல்லெண்ணம் இருக்கிறது, கணக்குத்தான் தவறு. குழந்தை எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு சுரக்கும் என்பதுதான் மார்பின் விதி. பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் அதிகமாகச் சுரக்கிறது. அந்த நேரத்துப் பாலைப் புட்டிக்கு மாற்றிவிட்டுப் பீய்ச்சி எடுக்காமலும் விட்டால், தேவை குறைந்துவிட்டது என்று உடம்பு எடுத்துக்கொள்ளும். இப்போது வெறும் பயமாக இருப்பது சில வாரத்தில் நிஜமாகிவிடும். ஒரு புட்டி கொடுப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. தூக்கமில்லாமல் ஒடிந்துபோன தாய்க்கு அது நியாயமான முடிவாகவும் இருக்கலாம். ஆனால் இல்லாத பற்றாக்குறைக்கு மருந்தாக அதைக் கொடுக்காதீர்கள். திட உணவுக்கு ஆறு மாதம் ஆகட்டும். தலை நிற்க வேண்டும், தாங்கிப் பிடித்தால் உட்கார வேண்டும், வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளும் பழக்கம் போக வேண்டும். அதுவரை தண்ணீர்கூட வேண்டாம்.

சரி, இப்போது உங்களுக்கு வருகிறேன்.

ஒன்பது கிலோ குறைத்த தோழி அதை எந்த நாளிலிருந்து எண்ணுகிறாள் என்று கேட்டீர்களா? பிரசவ நாளிலிருந்து என்றால், குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர் என்று ஐந்தாறு கிலோ அன்றைக்கே போயிருக்கும். அதே கணக்கில் பார்த்தால் நீங்களும் ஏழு கிலோ குறைத்தவர்தான், 72லிருந்து 65. அவள் பிரசவ எடையிலிருந்து எண்ணுகிறாள், நீங்கள் கர்ப்பத்துக்கு முந்தைய எடையிலிருந்து எண்ணுகிறீர்கள்; அப்புறம் இரண்டையும் பக்கத்தில் வைத்து அழுகிறீர்கள். உங்கள் உயரத்துக்கு 58 கிலோ சரியான எடை. அப்படிப்பட்டவர்களுக்குக் கர்ப்பத்தில் 11.5 முதல் 16 கிலோ வரை கூடலாம் என்பது பொதுவான வரையறை. நீங்கள் 14 கூடினீர்கள். அதிலும் குறை இல்லை.

மீதி ஏழு கிலோ இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பாலூட்டினால் தானாகக் கரைந்துவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சிலருக்குக் கரையும். சிலருக்குப் பசி அதைவிட வேகமாக ஏறும், பால் நிறுத்தும்வரை உடம்பு கொஞ்சம் கொழுப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலுக்காக நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் செலவாகிறது. அதில் ஒரு பகுதியைக் கர்ப்பத்தில் சேர்ந்த கொழுப்பு கொடுக்கும், மிச்சம் தட்டிலிருந்து வர வேண்டும். எடை கூடுதலாக இருந்த பாலூட்டும் தாய்மார்கள் வாரம் அரைக் கிலோ அளவில் மெதுவாகக் குறைத்தபோது குழந்தைகளின் வளர்ச்சி பாதிக்கப்படவில்லை என்று 2000ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆக, மெதுவாகக் குறைப்பதில் பயமில்லை. ஆனால் அவர்கள் சாப்பாட்டைத் திட்டமிட்டுக் கொஞ்சம் குறைத்தார்கள், உடற்பயிற்சியும் செய்தார்கள். ஒரு வேளையை அப்படியே வெட்டி எறிவது வேறு.

இரண்டு வாரம் இரவுச் சாப்பாட்டை விட்டதால் உங்கள் பால் வற்றியிருக்காது. உடம்பு குழந்தைக்குக் கொடுத்த பிறகுதான் தனக்கென்று பார்க்கும். பாதிக்கப்படுவது நீங்கள்தான். ராத்திரி இரண்டு முறை எழுந்து பால் கொடுப்பவர் பதினைந்து மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டால், அடுத்த நாள் பதினோரு மணிக்குக் கையில் கிடைத்த இனிப்பை நின்றுகொண்டே தின்பார். இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்லும் கதை இது. தூக்கம் குறைந்தாலே பசி கூடும், அதுவும் இனிப்பும் கொழுப்புமாகத் தேடும். இன்றைக்கே இரவுச் சாப்பாட்டைத் திரும்பத் தொடங்குங்கள். அதில் புரதமும் காய்கறியும் இருக்கட்டும், கலோரி எண்ண வேண்டாம். பிரசவக் காயம் ஆறி, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு நடையைக் கூட்டுங்கள். வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான வேகத்தில் என்பது பிரசவித்த பெண்களுக்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. பத்துப் பத்து நிமிஷமாகப் பிரித்துக்கொண்டாலும் கணக்கில் சேரும்.

இனி குழு. நீங்கள் கேட்டது இதைத்தான், நான் இத்தனை தூரம் சுற்றி வந்திருக்கிறேன்.

தாய்க்குத் தாய் துணை என்பது புதிதல்ல, லேசான விஷயமும் அல்ல. 1956ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஏழு தாய்மார்கள் கூடி, பால் கொடுக்கத் தடுமாறுகிற மற்றத் தாய்மார்களுக்குத் தங்கள் அனுபவத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். லா லெச்சே லீக் என்ற தாய்ப்பாலூட்டல் துணை அமைப்பு அப்படித்தான் பிறந்தது. டாக்டர்களே புட்டியைச் சிபாரிசு செய்துகொண்டிருந்த காலம் அது. பிறகு 1989ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வெற்றிகரமான தாய்ப்பாலூட்டலுக்குப் பத்துப் படிகள் என்று வகுத்தபோது, மருத்துவமனையை விட்டுப் போகும் தாயை ஒரு துணைக் குழுவோடு சேர்த்துவிடுவதையே பத்தாவது படியாக வைத்தார்கள். கனடாவில் 256 புதுத் தாய்மார்களிடம் செய்து 2002ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பாதிப் பேருக்கு, முன்பு பாலூட்டிய அனுபவமுள்ள ஒரு தன்னார்வலர் போனில் துணையாக இருந்தார். மூன்று மாத முடிவில் அவர்களில் 81 சதவீதம் பேர் பாலூட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் துணை கிடைக்காதவர்களில் 67 சதவீதம். அந்தத் தன்னார்வலர்களுக்குச் சில மணி நேரப் பயிற்சிதான், மருத்துவப் படிப்பெல்லாம் இல்லை.

என்ன செய்தார்கள் அவர்கள்? பெரும்பாலும் கேட்டார்கள். ‘எனக்கும் இப்படித்தான் இருந்தது’ என்றார்கள். ‘நீ செய்வது சரிதான்’ என்றார்கள். தெரியாததை நர்ஸிடம் கேட்கச் சொன்னார்கள். மூன்று மணிக்கு விழித்திருந்து உங்களுக்குப் பதில் எழுதியவள் செய்ததும் இதையேதான். என்னைப் போன்றவர்களால் அதைச் செய்ய முடியாது. நான் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் மூன்று மணிக்கு நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

எடை விஷயத்தில் குழுக்களின் கதை அவ்வளவு நேரானதல்ல. சில குழுக்களில் பலன் தெரிகிறது, சிலவற்றில் ஒன்றும் இல்லை. என் அனுபவத்தில் வித்தியாசம் எங்கே வருகிறது என்று சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன் நானே தாய்மார்களுக்கு ஒரு வாராந்தரக் கூட்டம் நடத்தினேன். அறைக்குள் நுழையும் இடத்தில் எடை மெஷினை வைத்தேன், எல்லோரும் ஏறிவிட்டு வந்து உட்கார வேண்டும். நான் கண்டுபிடித்த பெரிய யோசனை! ஆறாவது வாரம் எடை குறைந்தவர்கள் மட்டும்தான் வந்தார்கள். கூடியவர்களுக்குத்தான் கூட்டம் தேவைப்பட்டது, அவர்களைத்தான் நான் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தேன். மெஷினைத் தூக்கிப் பின்னறையில் வைத்தேன். கேட்டவர்களுக்கு மட்டும், தனியாக. போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், எல்லோரும் வரவில்லை.

உங்கள் குழுவிலும் ஞாயிற்றுக்கிழமை நடப்பது அதுதான். எடை ஒருத்தியின் சொந்தக் கணக்கு. அவளும் அவளைப் பார்க்கும் மருத்துவரும் வைத்துக்கொள்ள வேண்டியது. அதைப் பொதுவில் போட்டவுடன் ஒருத்தி முதலாவதும் ஒருத்தி கடைசியுமாக ஆகிறார்கள். கடைசியில் நிற்பவள் சாப்பாட்டை விடுவாள், அல்லது பேச்சை விடுவாள். உங்கள் ஐந்து பேரில் இரண்டுமே நடந்திருக்கிறது பாருங்கள்.

ஆகவே வெளியேறாதீர்கள், ஆனால் சும்மாவும் இருக்காதீர்கள். வரும் சனிக்கிழமையே இப்படி எழுதலாம்: ‘ஒரு விஷயம் சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சேன். ஞாயிற்றுக்கிழமை எடை போடறது எனக்கு ஒத்துவரல. அதைப் பார்த்துப் பார்த்து ராத்திரி சாப்பிடறதையே விட்டுட்டேன். இனிமே என் எடையும் பாப்பா எடையும் போடமாட்டேன். உங்களோட பேசறது மட்டும் எனக்கு வேணும்.’ யாரையும் குற்றம் சொல்லாமல் உங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்லுங்கள். ஒன்பது கிலோக்காரிக்கே இது நிம்மதியாக இருக்கலாம். முதலிடத்தில் இருப்பவள் அடுத்த வாரமும் அங்கேயே நிற்க வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தை முழுக்க விட மனமில்லை என்றால் வேறு எதையாவது எழுதிக்கொள்ளுங்கள். இந்த வாரம் எத்தனை நாள் உட்கார்ந்து சாப்பிட்டேன், எத்தனை நாள் வெளியே நடந்தேன், யாரிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் தூங்கினேன் என்பதெல்லாம் நம் கையில் இருப்பவை. தராசு முள் நம் கையில் இல்லை. பக்கத்தில் வசிப்பவர்கள் இரண்டிரண்டு பேராகக் குழந்தைகளோடு நடக்கப் போகலாம், இல்லாவிட்டால் ஒரே நேரத்தில் போனில் பேசிக்கொண்டே நடக்கலாம். எடைக்காக ஒரு குழு செய்யக்கூடியவற்றில் மிக உபயோகமானது என்று எனக்குப் படுவது, ஒருத்தி சாப்பிட்டு முடிக்கும்வரை இன்னொருத்தி அவள் குழந்தையை வைத்திருப்பது. வேடிக்கையாகத் தோன்றலாம், செய்து பாருங்கள்.

இன்னொன்றும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தனக்கு நடந்ததை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அடுத்தவளுக்கு மருந்து சொல்லக் கூடாது. ‘எனக்கு ராத்திரிப் புட்டி உதவியது’ என்றால் அது அனுபவம். ‘நீ கொடு’ என்றால் அது சிகிச்சை. சில விஷயங்கள் வந்தால் குழு பேச்சை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்: காய்ச்சலோடு மார்பில் சிவந்து வலிக்கும் கட்டி, டயப்பர் வழக்கத்தைவிடக் குறைவாக நனைவது, எழுப்பினாலும் குடிக்காமல் துவளும் குழந்தை, தாய்க்குப் படபடப்போடு எடை வேகமாக இறங்குவது. இந்தக் கடைசி அறிகுறியைப் பலர் கொண்டாடிவிடுகிறார்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு கோளாறு வருவது உண்டு, ஆரம்பத்தில் அது எடை குறைவதாகத்தான் தெரியும்.

கடைசியாக உங்கள் ஐந்தாவது தோழி. அவளைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள், எனக்கு அந்த வரிதான் மனதிலேயே இருக்கிறது. நான்கு பேர் தாய்ப்பாலைப் பற்றியே பேசும் இடத்தில் புட்டி கொடுப்பவளுக்கு என்ன கேட்கத் தோன்றும்? ஆனால் கேட்க வேண்டியது அவளுக்கும் நிறைய இருக்கிறது. பவுடரைக் கரைக்கும் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருந்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். டப்பாவில் போட்ட அளவுக்கு மேல் ஒரு கரண்டிகூடச் சேர்க்கக் கூடாது. எடை ஏறட்டும் என்று சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல் அதற்கும் தூண்டும். புட்டியைச் சற்றுப் படுக்கை வாட்டில் பிடித்து, நடுநடுவே நிறுத்தி, குழந்தை தலையைத் திருப்பினால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். காலி செய்யவைக்கக் கூடாது. வயிறு நிறைந்ததைக் குழந்தை சொல்லும், அதைக் கேட்கப் பழகுவது மார்பில் கொடுப்பவருக்கும் புட்டியில் கொடுப்பவருக்கும் ஒன்றே.

ஒரு மாத மௌனத்துக்குக் காரணம் வெறும் சங்கடமாக இருக்கலாம். அதைவிடப் பெரியதாகவும் இருக்கலாம். குழந்தை பெற்றவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதே கனடாவில், மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகமுள்ள 701 தாய்மார்களிடம் இன்னொரு ஆய்வு நடந்து 2009ல் வெளிவந்தது. அதே அனுபவத்திலிருந்து மீண்ட ஒரு பெண் போனில் பேசிவந்தவர்களில், பன்னிரண்டாவது வாரத்தில் 14 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் இருந்தன. அப்படி யாரும் பேசாதவர்களில் 25 சதவீதம். அதனால் அவளுக்குத் தனியாக எழுதுங்கள், குழுவில் வேண்டாம். குழந்தையைப் பற்றிக் கேட்காதீர்கள், எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். ‘நீ எப்படி இருக்கே? தூங்கறியா?’ என்று கேளுங்கள். குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை, எதிலும் ஒட்டவில்லை, நான் இல்லாவிட்டால் இவர்கள் நன்றாக இருப்பார்கள் என்கிற மாதிரி ஏதாவது சொன்னால், அவளைத் தனியாக விடாதீர்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் கூடப் போங்கள். பதிலே வராவிட்டால் நாளைக்கும் எழுதுங்கள், அதற்கும் வராவிட்டால் போன் செய்யுங்கள்.